காலாவதியான கடன்

பேய்ப் படம் பார்க்கிற ரகமா நீங்கள்? இல்லையென்றாலும் பரவாயில்லை, பயப்படாமல் படிக்கலாம். இந்த வாரம் நாம் புரட்டப்போவது ஒரு பேய்ப் படத்தின் கணக்குப் புத்தகத்தைத்தான்.

நான் பி.காம். எந்தக் கதையைக் கேட்டாலும் மனசு ஓரமாக உட்கார்ந்து பற்று, வரவு என்று கோடு போட ஆரம்பித்துவிடும். படித்த படிப்பு லேசில் விடாது!

2002 இருக்கும். பிளாட்பாரத்தில் குவித்துவைத்திருந்த திருட்டு வி.சி.டி-க்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். அடியில் கிடந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'. முப்பது ரூபாய். "பழசு சார் இது. இதுக்கெல்லாம் எவன் கேஸ் போடப்போறான்?" என்று சிரித்தார் கடைக்காரர்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். ஆனால், அது அப்பட்டமான உண்மை என்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் குவியலில் கிடந்த எல்லாப் படங்களுக்கும் எங்கோ ஒரு சொந்தக்காரர் இருந்தார். இந்தப் படத்துக்கு மட்டும் அது பிறந்த நாட்டிலேயே சொந்தக்காரர் கிடையாது!

எப்படி? அதுதான் கதை.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஓர் ஊர். இரும்பு உருக்காலைகளுக்குப் பேர்போனது. சினிமாவுக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்திகூடக் கிடையாது. அங்கே ஜார்ஜ் ரொமேரோ என்ற இளைஞர், நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்ன கம்பெனி நடத்திவந்தார். விளம்பரப் படங்கள் எடுப்பதுதான் பிழைப்பு. ஆனால், இந்த மாதிரி ஆட்களுக்கு மனசுக்குள் ஒரு முழு நீளப் படம் ஓடிக்கொண்டே இருக்குமே! இவர்களுக்கும் ஓடியது.

பணம்? பத்துப் பேர் சேர்ந்தார்கள். தலைக்கு 600 டாலர். மொத்தம் 6,000. 'இமேஜ் டென்' என்று கம்பெனிக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அப்புறம் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பங்குதாரர்கள் சேர, கடைசியில் செலவு 1,14,000 டாலர் வரை போனது. ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு.

1967-ல் படப்பிடிப்பு. எவன்ஸ் சிட்டி என்ற சிற்றூர்ப் பக்கம், இடிக்கப்போகிற ஒரு பண்ணை வீடு கிடைத்தது. எவ்வளவு அடித்து நொறுக்கினாலும் கேட்க ஆள் இல்லை. ரத்தத்துக்கு சாக்லெட் சிரப். கறுப்பு வெள்ளைதானே, யாருக்குத் தெரியப்போகிறது? பிணங்கள் கடித்துத் தின்ன வேண்டிய சமாசாரத்துக்கு, நடித்தவர்களில் ஒருவருடைய கசாப்புக் கடையிலிருந்தே குடலும் ஈரலும் வந்து இறங்கின. பணம் போட்டவர்களே நடித்தார்கள், மேக்கப் போட்டார்கள். பங்குதாரர் கார்ல் ஹார்ட்மேன் ஒரு முக்கிய வேடத்தில் நடித்தார். அவர் மகளாகப் படத்தில் வரும் சிறுமி, நிஜத்திலும் அவருடைய மகள்தான்.

கதை இரண்டு வரி. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெளியே பிணங்கள் சூழ்ந்து நிற்க, உள்ளே இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 'மேலே இருப்பது பத்திரமா, பாதாள அறையில் இருப்பது பத்திரமா' என்று சண்டை போடுகிறார்கள். நம் அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங் மாதிரியே!

அந்தக் கூட்டத்தில் நிதானமாக யோசிக்கிறவன் பென் என்கிற கறுப்பின இளைஞன். டுவேன் ஜோன்ஸ் நடித்திருந்தார். கறுப்பர் என்று நினைத்து எழுதிய பாத்திரம் இல்லை அது. தேர்வுக்கு வந்தவர்களில் அவர்தான் நன்றாக நடித்தார், எடுத்துக்கொண்டோம் என்பார் ரொமேரோ. ராத்திரி முழுக்கப் போராடி, கடைசியில் பென் ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். விடிகிறது. துப்பாக்கியோடு மீட்புப் படை வருகிறது. ஜன்னலோரம் நிழலாடியதைப் பார்த்து, இதுவும் ஒரு பிணம் என்று நினைத்து, ஒரே குண்டில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் படம்.

கெட்ட எண்ணம் இல்லை. வன்மம் இல்லை. சும்மா ஒரு கவனக்குறைவு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்த படத்தை காரில் போட்டுக்கொண்டு விற்பதற்காக நியூயார்க் போகிறார்கள். வழியில் ரேடியோவில் செய்தி: மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். 1968 ஏப்ரல் 4. தங்கள் கதாநாயகனின் முடிவை நினைத்து விக்கித்துப் போனார்களாம். ரொமேரோ பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

பெரிய கம்பெனிகள் கையை விரித்தன. ஒரு கம்பெனி, 'கிளைமாக்ஸை மாற்று, பென் பிழைக்கட்டும், வாங்கிக்கொள்கிறோம்' என்றது. மறுத்துவிட்டார்கள். கடைசியில் வால்டர் ரீட் என்ற நிறுவனம் விநியோகத்துக்கு எடுத்துக்கொண்டது. 1968 அக்டோபர் 1, பிட்ஸ்பர்க் ஃபுல்டன் தியேட்டரில் முதல் காட்சி.

வெளியாகும் முன் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. படத்துக்கு முதலில் வைத்த பெயர், 'நைட் ஆஃப் த ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்' - சதை தின்னிகளின் இரவு. அதை விநியோகஸ்தர் தரப்பு 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' என்று மாற்றியது. பழைய டைட்டில் கார்டை எடுத்துவிட்டுப் புதிய டைட்டில் கார்டு போட்டார்கள்.

பழைய கார்டில், தலைப்புக்குக் கீழே ஒரு வரி இருந்தது. காப்பிரைட் அடையாளம், வருடம், உரிமையாளர் பெயர். புதிய கார்டில் அந்த வரியைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

அன்றைக்கு அமெரிக்காவில் நடப்பில் இருந்தது 1909-ம் வருடச் சட்டம். வெளியிடுகிற பிரதியில் உரிமை அறிவிப்பு இல்லையா, போச்சு! படைப்பு பொதுச் சொத்து. 1989 மார்ச் முதல் அந்த நிபந்தனையைத் தளர்த்தி, அறிவிப்பு போடாவிட்டாலும் உரிமை உண்டு என்று ஆக்கிவிட்டார்கள். இருபது வருடம் லேட்!

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பேய்ப் படம்தானே என்று மேட்னி ஷோவுக்கு வந்த குழந்தைகள் அழுததைப் பற்றி விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதினார். நடு ராத்திரிக் காட்சிகளில் வருடக்கணக்கில் ஓடியது. விஷயம் தெரிந்ததும் டி.வி. சேனல்கள் இஷ்டத்துக்குப் போட்டன. வீடியோ கேசட் காலம் வந்தபோது ஆளாளுக்கு ஒரு பிரதி எடுத்து விற்றார்கள். ஒருவர் கலர் அடித்து விற்றார். இன்னொரு படத்தில் யாராவது டி.வி. பார்க்கிற காட்சியா? இதை ஓடவிடு, காசு கொடுக்க வேண்டாம்.

இன்று இன்டர்நெட்டில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். முப்பது ரூபாய்கூட வேண்டாம்.

படத்தில் ஓர் இடத்தில்கூட 'ஜாம்பி' என்ற வார்த்தை வராது. ஆனாலும், தள்ளாடி நடக்கிற பிணம், கடித்தால் கடிபட்டவரும் பிணம், தலையில் அடித்தால்தான் சாகும் என்று இன்றைக்கு உலகமே மனப்பாடமாகச் சொல்கிற இலக்கணம் பெரும்பாலும் இந்தப் படம் போட்டதுதான். கொரியாவின் 'ட்ரெயின் டு பூசான்' வரை அதன் வாரிசுகள். 2016-ல் நம் ஊரில் ஜெயம் ரவி நடித்த 'மிருதன்' பார்த்தீர்களா? அதுவும் தூரத்துச் சொந்தம்தான்.

1999-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. புகழ், மரியாதை எல்லாம் வந்தது. வர வேண்டிய பணத்தில் பெரும்பகுதி மட்டும் வரவே இல்லை. 2017-ல் ரொமேரோ இறந்துபோனார்.

இப்போது கேள்விக்கு வருவோம்.

இந்தக் கதையை ஒரு நண்பரிடம் சொன்னேன். சினிமா ரசிகர். "நல்லதுதானே சார் நடந்திருக்கு? காப்பிரைட் இருந்திருந்தா அந்தப் படம் ஏதாவது ஒரு குடோன்ல தூங்கியிருக்கும். ஃப்ரீயா கிடைச்சதாலதான் ஊரெல்லாம் பரவிச்சு. அந்தத் தப்புதான் அதைச் சாகாம வச்சுது" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சொந்தக்காரர் யார் என்கிற வழக்கிலேயே நெகட்டிவ் மக்கிப்போன படங்கள் நம் ஊரிலும் உண்டு.

ஆனால், மீதிப் பாதி உறுத்துகிறது. ஒருவன் பர்ஸை ரோட்டில் தவறவிடுகிறான். எடுத்தவன் அந்தப் பணத்தில் ஊருக்கே சாப்பாடு போடுகிறான். ஊர் வயிறு நிறைந்தது நிஜம்தான். அதற்காக, பர்ஸைத் தொலைத்தவனை 'அன்னதானம் செய்த புண்ணியவான்' என்று சொல்லிவிட முடியுமா?

கர்ணன் கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்தான். வந்திருப்பவன் யார் என்று தெரிந்தே கொடுத்தான். அது தானம். அவன் தூங்கும்போது கழன்று விழுந்ததை இந்திரன் எடுத்துப் போயிருந்தால், அதற்கு வேறு பெயர். இரண்டிலும் விளைவு ஒன்றுதான். கர்ணனிடம் கவசம் இல்லை, இந்திரனிடம் இருக்கிறது. ஆனால், இரண்டும் ஒன்றா?

நல்லது நடந்துவிட்டது என்பதாலேயே, நடந்ததெல்லாம் நியாயம் ஆகிவிடாது. பலன் வேறு, கடன் வேறு. லெட்ஜரில் இரண்டுக்கும் தனித் தனிப் பக்கம்.

நண்பர் விடவில்லை. "ரொமேரோ மட்டும் என்ன சார்? அவரும் எங்கிருந்தோ எடுத்தவர்தானே?"

சரியான கேள்வி! ரிச்சர்ட் மாத்சன் 1954-ல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலைப் படித்த பாதிப்பில்தான் தன் கதை பிறந்தது என்று ரொமேரோவே சொல்லியிருக்கிறார். ஊரே ரத்தம் குடிக்கும் கூட்டமாகிவிட, ஒருவன் மட்டும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற கதை அது.

ஆக, ரொமேரோ மாத்சனுக்குக் கடன்பட்டவர். நாம் ரொமேரோவுக்குக் கடன்பட்டவர்கள். இதைக் கழித்துக்கொள்ள முடியுமா? மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போய், 'நீங்களே மொத்த வியாபாரிக்குப் பாக்கி வைத்திருக்கிறீர்கள், அதனால் நான் என் பாக்கியைத் தர மாட்டேன்' என்று சொல்லிப் பாருங்கள். என்ன விழும் என்று எனக்குத் தெரியாது!

ரொமேரோ தன் கடனை ஒரு வழியில் அடைத்தார். கேட்கிற இடத்திலெல்லாம் மாத்சன் பெயரைச் சொன்னார். வெறும் கரு மீது காப்பிரைட் கிடையாது. அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். சட்டம் அவரைக் கேட்காது. ஆனாலும் சொன்னார்.

இந்த இடத்தில், நான் காலேஜில் படித்த ஒரு சமாசாரம் ஞாபகத்துக்கு வருகிறது. கொடுத்த கடனை மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டுக் கேட்காவிட்டால், அது காலாவதியான கடன். அதற்குப் பிறகு கோர்ட் உதவாது. ஆனால், கவனியுங்கள்... கோர்ட் கதவைத்தான் சட்டம் சாத்துகிறது. 'கடனே இல்லை' என்று அது சொல்வதில்லை. அதைவிட அழகு, 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு. காலாவதியான கடனையும் 'தருகிறேன்' என்று கடன்பட்டவன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், பதிலுக்கு எதுவும் பெறாவிட்டாலும் அது செல்லும்!

வறட்டுச் சட்டம் என்று நாம் நினைக்கிற ஒன்றுக்குள் இப்படி ஓர் ஈரம். கேட்க முடியாத கடனும் கடன்தான் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

இதை எங்களுக்குப் பரீட்சைக்காகச் சொல்லிக்கொடுத்தவன் என் கிளாஸ்மேட் ஒருவன். அவனைப் பற்றிச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்துவந்தேன்.

பி.காம். இரண்டாம் வருடம். காஸ்ட் அக்கவுன்டிங் என்றால் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குக் குளிர் ஜுரம். அவன் மட்டும் உட்கார்ந்து ஒரு நோட்டு எழுதினான். கணக்கு நீல மசியில், 'இந்த இடத்தில் தப்பு செய்வாய், பார்த்து' என்ற எச்சரிக்கைகள் பச்சை மசியில். வாத்தியாரே வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். அப்பேர்ப்பட்ட நோட்டு.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது இரவல் வாங்கினேன். ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். முதல் பக்கத்தில் அவன் பெயரும் ரோல் நம்பரும். அதன் மேல் டீ கொட்டிக் கறையாகியிருந்தது. கொட்டியவன் நான்தான். "அந்த ஷீட் வேணாம்ணே, இங்கேர்ந்து போடுங்க" என்றேன். ஒரு பக்கம் மிச்சம், ஐம்பது பைசா லாபம்.

ஜெராக்ஸ் கடை அண்ணன் தனக்கும் ஒரு செட் எடுத்துவைத்துக்கொண்டார். மறுநாள் வகுப்பே வாங்கியது. மறு வருடம் ஜூனியர்கள் வாங்கினார்கள். ஸ்பைரல் பைண்டிங் போட்டு நாற்பது ரூபாய். பக்கத்துக் காலேஜ், அப்புறம் வெளியூர். 'பச்சை நோட்ஸ்' என்று அதற்குப் பெயர். ஜெராக்ஸில் பச்சை எங்கே தெரியும்? ஆனாலும் அந்தப் பெயர் நிலைத்தது. எழுதியவன் பெயர்தான் நிலைக்கவில்லை.

எனக்கு அந்தப் பேப்பரில் எண்பத்தெட்டு மார்க்.

டிகிரி முடித்தபின் அவன் ஒரு டுடோரியலில் வாத்தியார் வேலை கேட்டுப் போயிருக்கிறான். மேஜை மேல் அந்த நோட்ஸ். "சார், இது நான் எழுதினது" என்றிருக்கிறான். உரிமையாளர் சிரித்துக்கொண்டே புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேரு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாராம்.

வேலை கிடைக்கவில்லை. இதை அவன் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. வேறொருவன் மூலம் என் காதுக்கு வந்தது. அப்போதே போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. 'நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்? அதனால் எத்தனை பையன்கள் பாஸ் ஆனார்கள்!' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சினிமா ரசிகர் சொன்ன அதே வாதம், பார்த்தீர்களா? கவசத்தைப் பறிகொடுத்தவன் பக்கத்தில் நின்றுகொண்டே, ஊர் வயிறு நிறைந்த கணக்கை நான் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டைட்டில் கார்டை மாற்றியவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பென்னைச் சுட்டவனுக்கும் இல்லை. எனக்கும் இல்லை. கெட்ட எண்ணம் இல்லை என்பது தண்டனையைக் குறைக்கும், கடனைக் குறைக்காது.

உங்களையும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஜெயித்த பரீட்சை, வாங்கிய பிரமோஷன், பாராட்டு வாங்கித் தந்த யோசனை... அதில் யாருடைய முதல் பக்கம் காணாமல் போயிருக்கிறது? ஆபீஸில் நீங்கள் பேசிக் கைதட்டல் வாங்கிய ரிப்போர்ட்டை ராத்திரி உட்கார்ந்து தயாரித்தது யார்? உங்கள் வீட்டு விருந்தின் பேர்போன குழம்புக்குப் பக்குவம் சொன்னது யார்? பணமாகத் திருப்பித் தர எல்லா நேரமும் முடியாது. பெரும்பாலும் அவர்கள் பணம் எதிர்பார்ப்பதும் இல்லை. விட்டுப்போன அந்த ஒரு வரியைத் திரும்பச் சேர்க்கலாம். அதற்குக் காலாவதி கிடையாது.

போன மாதம் அவன் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கறை, ஐம்பது பைசா, எண்பத்தெட்டு மார்க். "இத்தனை வருஷம் கழிச்சு இதைச் சொல்லவா போன் பண்ணினே?" என்று சிரித்தான்.

"என் காலத்தில் உன் பேரைப் போட்டு எழுதறேண்டா" என்றேன்.

"அய்யய்யோ, பேரெல்லாம் போட்டுடாதே. ஆபீஸ்ல ஓட்டித் தள்ளிடுவாங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாக இருந்த கடனை வாங்கிக்கொள்ளக்கூட அவன் தயாராக இல்லை. அதனால்தான் இங்கே பெயர் இல்லை. இந்த முறை, கேட்டுவிட்டு விட்டிருக்கிறேன்.

போனை வைக்கும் முன் கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. அப்புறம் கேட்டான்:

"ஏண்டா... அந்த மொத ஷீட்டு உன்கிட்ட இருக்கா?"